பாக்டீரியா காலனி கிளை விடுகிறது, சமன்பாடு மட்டும் ஏன் வட்டமாகவே நிற்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: பெட்ரி தட்டில் வளரும் பாக்டீரியா காலனிக்கு இரண்டு பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் எழுதிக் கணினியில் ஓட்டியிருக்கிறீர்கள். ஒன்று பாக்டீரியாவின் அடர்த்திக்கு, இன்னொன்று ஊட்டச்சத்துக்கு. எந்த எண்ணைப் போட்டாலும் காலனி வட்டமாகவே விரிகிறது. படங்களில் பார்க்கிற மரக்கிளை வடிவம் எங்கிருந்து வருகிறது, அதற்கு எந்த மாதிரி சரியானது என்று கேட்கிறீர்கள்.

உங்கள் நிரலில் தப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சமன்பாடு அப்படித்தான் நடந்துகொள்ளும். நீங்கள் எழுதியதைச் சொற்களில் போட்டால் இப்படி வரும் (விரவல் என்பது நெரிசலான இடத்திலிருந்து காலியான இடத்துக்குத் தானாகப் பரவுவது, diffusion):

பாக்டீரியா மாறும் வேகம் = சீரான விரவல் + (வளர்ச்சி வீதம் × ஊட்டம் × பாக்டீரியா)
ஊட்டம் மாறும் வேகம் = ஊட்டத்தின் விரவல் − (அதே பெருக்கல்)

ஊட்டம் தீராமல் இருந்தால் முதல் வரி 1937-இல் ரொனால்ட் ஃபிஷர் எழுதிய சமன்பாட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அவர் மக்கள்தொகையில் ஒரு சாதகமான மரபணு பரவுவதற்காக அதை எழுதினார். அதே ஆண்டில் கோல்மோகோரோவ், பெத்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் மூவரும் அதன் கணிதத்தை அலசினார்கள். அதன் முகப்பு, அதாவது விரிந்துகொண்டே போகும் விளிம்பு, நகரும் வேகம், விரவல் கெழுவையும் (எவ்வளவு விரைவாக விரவுகிறது என்பதைச் சொல்லும் எண்) வளர்ச்சி வீதத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் கிடைக்கும். நீந்துகிற ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு விரவல் கெழு நொடிக்கு 100 சதுர மைக்ரோமீட்டர் என்றும், இரட்டிப்பாகும் நேரம் 20 நிமிடம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.48 மைக்ரோமீட்டர், அதாவது மணிக்கு 1.7 மில்லிமீட்டர். அளவு நம்பும்படி இருக்கிறது. வடிவம்தான் வரவில்லை.

சோதனையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1980-களின் இறுதியில் ஜப்பானில் ஃபுஜிகாவாவும் மட்சுஷிடாவும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவை அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் வளர்த்தார்கள். அவர்கள் கையில் இருந்த திருகுகள் இரண்டே இரண்டு: பெப்டோன் என்ற ஊட்டச்சத்து எவ்வளவு போடுவது, அகார் எவ்வளவு கெட்டியாக இருப்பது. இந்த இரண்டையும் அச்சுகளாக வைத்து மட்சுஷிடா குழுவினர் பின்னர் ஒரு வடிவ வரைபடமே தயாரித்தார்கள். ஊட்டம் குறைவு, அகார் கெட்டி என்றால் ஒல்லியான, ஒழுங்கற்ற கிளைகள். ஊட்டத்தைக் கூட்டினால் கிளைகள் தடித்து, விளிம்பு மட்டும் சொரசொரப்பான கட்டியான காலனி. அகாரை இளக்கிவிட்டால் வழவழப்பான வட்டத் தகடு. இளகலான அகாரில் ஊட்டத்தையும் குறைத்தால், நெருக்கமான கிளைகள் ஒரே வட்ட எல்லைக்குள் சேர்ந்து முன்னேறும் வடிவம். நடுவில் ஒரு பகுதியில், மரத்தின் ஆண்டு வளையம் போல வட்டத்துக்குள் வட்டம். ஒரே பாக்டீரியா, ஒரே தட்டு, ஐந்து வடிவங்கள். நீங்கள் எழுதும் எந்த மாதிரியும் கடைசியில் இந்த வரைபடத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஒல்லிக் கிளைகளின் பின்னப் பரிமாணத்தை (கிளைகள் தளத்தை எவ்வளவு நிரப்புகின்றன என்று சொல்லும் எண்; கோட்டுக்கு 1, நிரம்பிய தகட்டுக்கு 2) அளந்தபோது 1.72 அளவில் வந்தது. இதைப் பார்த்ததும் இயற்பியலாளர்கள் துள்ளினார்கள். ஏனென்றால் விட்டனும் சாண்டரும் 1981-இல் சொன்ன ஒரு எளிய விளையாட்டிலும் இருபரிமாணத் தளத்தில் இதே எண் 1.71. தள்ளாடி அலையும் துகள்கள் ஒவ்வொன்றாக வந்து ஒரு கொத்தில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் பாக்டீரியா வெளியிலிருந்து பறந்து வந்து ஒட்டுவதில்லையே? இங்கே அலைந்து வருவது ஊட்டச்சத்தின் மூலக்கூறுகள். அவை வந்து சேரும் இடத்தில் பாக்டீரியா பெருகுகிறது. கணக்கு ஒன்றே, பாத்திரங்கள்தான் இடம் மாறியிருக்கின்றன.

கிளை விடுவதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. ஊட்டம் தட்டுப்பாடாக இருக்கும்போது காலனியைச் சுற்றி ஒரு வறண்ட பட்டை உண்டாகிறது. விளிம்பில் எங்கேயோ தற்செயலாக ஒரு சின்ன மேடு துருத்திக்கொண்டால், அதன் நுனி அந்தப் பட்டையைத் தாண்டிச் செழிப்பான பக்கம் எட்டிப்பார்க்கிறது. நுனிக்கு அதிக ஊட்டம், அதனால் அதிக வளர்ச்சி, அதனால் இன்னும் நீளம். பக்கத்துப் பள்ளத்துக்கு வர வேண்டியதையும் நுனியே வழிமறித்துக்கொள்கிறது. உருகிய உலோகம் உறையும்போது ஊசி ஊசியாகக் கிளைப்பதற்கு 1960-களில் மல்லின்ஸும் செகெர்காவும் தந்த விளக்கம் இதே நிலைகுலைவுதான்.

சரி, உங்கள் இரண்டாவது சமன்பாட்டில்தான் ஊட்டம் தீர்கிறதே, பிறகு ஏன் மேடு வளரவில்லை? இங்கேதான் விஷயம். சீரான விரவல் இருக்கும்போது பாக்டீரியாவின் அடர்த்தி முகப்புக்கு வெளியே எங்கேயும் சுத்தமாகப் பூஜ்யம் ஆவதில்லை. அது அடுக்குக்குறிச் சார்பாகத் தேய்ந்துகொண்டே போகும். மேலே போட்ட எண்களின்படி தேயும் நீளம் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். முகப்பில் சதுர மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியா இருந்தாலும், ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் ஒரு பாக்டீரியாவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. ஆனால் சமன்பாட்டுக்கு அது தெரியாது. அங்கே ஊட்டம் முழுசாக இருப்பதால் அந்தப் பின்ன பாக்டீரியாவை அது முழு வேகத்தில் பெருக்கிக்கொண்டே இருக்கிறது. முகப்பின் வேகத்தைத் தீர்மானிப்பதே இந்த ஆவி போன்ற வால்தான். வால் இருக்கும் இடத்தில் எல்லாப் பக்கமும் ஊட்டம் ஒரே அளவு. எனவே பின்னால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருக்கிற வித்தியாசம் வேகத்தில் எதிரொலிப்பதே இல்லை. வட்டம் வட்டமாகவே போகிறது.

கெஸ்லரும் லெவினும் 1998-இல் இதற்கு மிக எளிய ஒரு மருந்து காட்டினார்கள்: அடர்த்தி ஒரு சிறு வரம்புக்குக் கீழே இருந்தால் வளர்ச்சியை அணைத்துவிடுங்கள். பாக்டீரியா எண்ணத்தக்கவை, அரை பாக்டீரியா பிள்ளை பெறாது என்பதைச் சமன்பாட்டுக்குள் சொல்லும் முரட்டு வழி இது. அந்த ஒரு வெட்டு, நிலையாக இருந்த முகப்பைக் குலைத்துக் கிளை விடச் செய்கிறது. இதை உங்கள் நிரலில் ஒரே வரியில் போட்டுப் பார்க்கலாம். கட்டத்தின் பக்கம் 0.1 மில்லிமீட்டர் என்றால், ஒரு கட்டத்துக்கு ஒரு பாக்டீரியா என்பது சதுர மில்லிமீட்டருக்கு 100. அதற்குக் கீழே வளர்ச்சி இல்லை என்று வையுங்கள். ஊட்டத்தின் விரவல் கெழு பாக்டீரியாவுடையதைவிட நன்றாகவே பெரியதாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அது சிறியதாக இருந்தால் மேட்டின் நுனியில் சேரும் லாபத்தைவிடப் பாக்டீரியா பக்கவாட்டில் பரவி மேட்டை மழித்துவிடுவதுதான் வேகமாக நடக்கும்.

இதே வேலையை வேறு வழிகளில் செய்யும் மாதிரிகளும் உண்டு. கவசாகியும் உடன் பணியாற்றியவர்களும் 1997-இல் விரவல் கெழுவையே மாறியாக்கினார்கள்: அது பாக்டீரியா அடர்த்தி, ஊட்டம் இரண்டின் பெருக்கலுக்கு நேர்விகிதம். தனியாக, பசியாகக் கிடக்கும் பாக்டீரியா நகராது. கூட்டமும் சாப்பாடும் இருந்தால்தான் நகரும். இப்போது முகப்புக்கு வெளியே அடர்த்தி உண்மையிலேயே பூஜ்யம், வாலே இல்லை. விரவல் கெழுவில் கொஞ்சம் தற்செயல் ஏற்ற இறக்கம் கலந்துவிட்டால் கிளைகள் அழகாகப் பிரிகின்றன. மிமுரா, சகாகுச்சி, மட்சுஷிடா மூவரும் 2000-இல் சீரான விரவலையே வைத்துக்கொண்டு, பாக்டீரியாவைச் செயல்படுபவை, செயலிழந்தவை என்று இரண்டாகப் பிரித்தார்கள். அடர்த்தியும் ஊட்டமும் குறைந்த இடத்தில் செயலிழப்பு வேகமாக நடக்கும். செயலிழந்தவை அசையாமல் அங்கேயே படிந்துவிடும், நாம் கண்ணால் பார்க்கும் கிளை பெரும்பாலும் அந்தப் படிவுதான். எனக்கு இந்த மாதிரி பிடிக்கும், காரணம் இரண்டு திருகுகளைத் திருப்பியே வடிவ வரைபடத்தின் பெரும்பகுதியை இதால் சுற்றிவர முடிகிறது.

இஸ்ரேலில் பென்-ஜேக்கப் குழு 1994-இல் வேறு மாதிரி யோசித்தது. சமன்பாட்டுக்குப் பதிலாக நடையர்கள். ஒவ்வொரு நடையரும் ஆயிரக்கணக்கான பாக்டீரியாவின் பிரதிநிதி. அவர்கள் முக்கோண வலையின் மேல் எல்லைக்குள் தள்ளாடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பெருகுகிறார்கள், சாப்பாடு இல்லாவிட்டால் உறைந்துபோகிறார்கள். எல்லை தானாக நகராது. அதன் மேல் போதுமான தடவை மோதினால்தான் ஓர் அடி தள்ளும். இது வெறும் கணக்குத் தந்திரம் இல்லை. அந்த பாக்டீரியாக்கள் உலர்ந்த அகாரில் நீந்த முடியாமல், தாமே சுரக்கும் வழுக்குத் திரவத்துக்குள் கூட்டமாக நீந்துகின்றன. திரவத்தின் விளிம்புதான் அந்த எல்லை. அதே குழுவினர் பின்னால் திரவத்தின் உயரத்துக்கே தனிச் சமன்பாடு எழுதினார்கள்.

இவற்றில் எது சரி? கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் நேரடியான பதில்: படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. முகப்பைக் கூர்மையாக்கும் ஏதோ ஒன்று, கூடவே தட்டுப்பாடான ஊட்டம், இந்த இரண்டும் இருந்தால் எந்த மாதிரியும் கிளைப் படம் தந்துவிடும். பின்னப் பரிமாணம் பொருந்துவதும் பெரிய சாட்சி ஆகாது. மின்முலாம் பூசும்போது படியும் துத்தநாகமும் ஏறத்தாழ அதே எண்ணைத்தான் தருகிறது. திருகைத் திருப்பும்போது மாதிரியும் தட்டும் ஒரே பக்கம் திரும்புகின்றனவா என்பதுதான் சோதனை.

ஜப்பான் குழுவினர் இதை ஒழுங்காகச் செய்தார்கள். ஊட்ட விரவல்தான் காரணம் என்றால் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். வெளியே இருக்கும் நுனிகள் மட்டும் வளர வேண்டும், உள்கிளைகள் நின்றுபோக வேண்டும். ஊட்டம் அதிகமாக இருக்கும் பக்கம் காலனி சாய வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இடத்தில் விதைத்தால் இரண்டு காலனிகளும் ஒன்றையொன்று தவிர்க்க வேண்டும், ஏனென்றால் நடுவில் இருக்கும் ஊட்டத்தை இருவருமே தின்றுவிடுகிறார்கள். மூன்றுமே தட்டில் தெரிந்தன. அப்புறம் கசையிழை இல்லாத, அதாவது நீந்தவே தெரியாத திரிபு வகையை வைத்தும் பார்த்தார்கள். கெட்டி அகாரின் ஒல்லிக் கிளைகள் அதிலும் வந்தன. இளகிய அகாரின் நெருக்கக் கிளைகளும் வட்டத் தகடும் வரவில்லை. ஆக முதல் வடிவத்துக்கு நீச்சல் தேவையே இல்லை, பின்னவற்றுக்கு அதுதான் உயிர். கெட்டி அகாருக்குப் பாக்டீரியா விரவல் உறுப்பைப் பெரிதாக வைத்துக்கொண்டு ஒருவர் கிளை காட்டினால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நம்பமாட்டேன். அங்கே செல்கள் பெருகிப் பெருகி ஒன்றையொன்று தள்ளுவதுதான் நகர்வு. அந்தத் தள்ளலை அழுத்தம், உராய்வு என்று எழுதும் இயந்திரவியல் மாதிரிகள் தனியாக இருக்கின்றன.

புள்ளிகளும் வளையங்களும் வேறு கதை. புட்ரீனும் பெர்கும் 1991-இல் இளகலான அகாரின் நடுவில் ஈ. கோலையை விதைத்தார்கள், உணவாக சக்சினேட். காலனி வளையமாக விரிந்தது. அதன் பின்னால் பாக்டீரியாக்கள் திரண்டு, கோலப்புள்ளி போல ஒழுங்கான வரிசைகளில் புள்ளிகளாக நின்றன. அந்த நிலையில் பாக்டீரியா அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்தை வெளியிடுகிறது. அதுவே அதற்குக் கவர்ச்சிப் பொருளும்கூட. எங்கே அடர்த்தி கூடுகிறதோ அங்கே அஸ்பார்டேட் கூடும், அது இன்னும் பாக்டீரியாவை இழுக்கும். இதற்கான கணிதம் 1970-இலேயே கெல்லரும் சீகலும் எழுதியது. விரவலோடு, கவர்ச்சிப் பொருளின் சரிவைப் பார்த்து நகரும் ஓர் உறுப்பையும் சேர்த்தார்கள். இதை நிரலாக்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது: அந்தச் சமன்பாட்டின் மிக எளிய வடிவில், தளத்தில் மொத்தப் பாக்டீரியா ஒரு வரம்பைத் தாண்டினால் அடர்த்தி முடிவுறு நேரத்திலேயே முடிவிலியாகிவிடும். திரையில் ஒரே கட்டத்தில் எண் வெடித்தால் அது நிரல் பிழை என்று நினைத்து இரவெல்லாம் தேடாதீர்கள். கவர்ச்சிக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் அடங்கிவிடும்.

கவர்ச்சியே இல்லாமலும் கோடுகளும் வளையங்களும் வரும் என்று 2011-இல் வேறொரு குழு காட்டியது. ஈ. கோலைக்குள் ஒரு மரபணுச் சுற்று வைத்தார்கள்: கூட்டம் கூடினால் நீச்சலுக்கு வேண்டிய ஒரு புரதத்தின் உற்பத்தி குறையும். நெரிசலில் மாட்டினவை நகராமல் நின்றுவிடும். அவ்வளவுதான், காலனி கோடு கோடாக விரிந்தது. இதற்குச் சமன்பாடு எழுதும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விரவல் கெழு அடர்த்தியைப் பொறுத்தது என்றால் அதை எங்கே வைப்பது? பாடப்புத்தகத்தில் இருக்கிற ஃபிக் விதிப்படி, அடர்த்தியின் சரிவை விரவல் கெழுவால் பெருக்கிப் பாய்வு என்று வைத்தால், கெழு எப்போதும் நேர்மமாக இருப்பதால் அடர்த்தி வித்தியாசங்கள் கரையவே செய்யும். கோடு வராது. நீந்தித் திரும்பி நீந்தும் பாக்டீரியாவுக்குச் சரியான வடிவம், கெழுவையும் அடர்த்தியையும் முதலில் பெருக்கி, அந்தப் பெருக்கலின் சரிவைப் பாய்வாக எடுப்பது. விரித்தால் பயனுறு விரவல் கெழுவில், கெழு அடர்த்தியோடு மாறும் வீதத்தை அடர்த்தியால் பெருக்கியது கூடுதல் உறுப்பாகச் சேரும். கூட்டத்தில் நகர்வு சடாரென்று குறைந்தால் அந்த உறுப்பு மொத்தத்தை எதிர்மமாக்கிவிடும், அப்போது திரட்சி தானாக வளரும். ஒரு அடைப்புக்குறி இடம் மாறினால் கோடு வரும், அல்லது வராது. என் கணக்கில் இந்தத் துறையில் புதிதாக வருகிறவர் முதலில் கையால் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி இதுதான்.

புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியாவின் வளையங்களை இந்த வழிகளில் எதிலும் திணிக்க வேண்டாம். அது ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. செல் நீண்டு கூட்டநகர்வுக்குத் தயாராவதற்கு நேரம் பிடிக்கிறது. எனவே செல்லின் வயதையும் ஒரு மாறியாகச் சேர்க்க வேண்டும். எசிபோவும் ஷபிரோவும் 1998-இல் அப்படித்தான் செய்தார்கள்.

இனி கணினிப் பக்கம். கிளை வர ஆரம்பித்ததும் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கட்டத்தைத்தான். சதுரக் கட்டத்தில் விரவலைக் கணக்கிட ஐந்து புள்ளி வாய்பாட்டை (ஒரு கட்டமும் அதன் நான்கு பக்கத்துக் கட்டங்களும்) போட்டால் நான்கு திசைக்கும் ஒரு சலுகை கிடைத்துவிடும். காலனி கூட்டல் குறி போலக் கைநீட்டும். ஒன்பது புள்ளி வாய்பாடு அல்லது முக்கோண வலை இதைக் குறைக்கும். ஆரம்ப ஊட்டத்தில் ஒன்றிரண்டு சதவீதம் தற்செயல் இரைச்சல் சேருங்கள். கட்டத்தை 45 பாகை திருப்பி மறுபடி ஓட்டினால் கிளைகளும் கூடவே திரும்புகின்றனவா என்று பாருங்கள், திரும்பினால் அவை கட்டத்தின் கிளைகள்.

நேரப் படியும் முக்கியம். சின்ன மூலக்கூறின் விரவல் கெழு நீரில் நொடிக்கு 1000 சதுர மைக்ரோமீட்டர் அளவு. கட்டம் 0.1 மில்லிமீட்டர் என்றால், நேரடி வெளிப்படை முறையில் (இப்போதைய மதிப்புகளிலிருந்தே அடுத்த படியைக் கணக்கிடுவது) படி 2.5 நொடியைத் தாண்டக்கூடாது. 9 சென்டிமீட்டர் தட்டுக்கு 900-க்கு 900 கட்டம், ஒரு வாரத்துக்கு இரண்டரை லட்சம் படிகளுக்குக் கொஞ்சம் குறைவு. சாதாரண கணினியே தாங்கும். அதே ஊட்டம் ஒரு நாளில் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரமே விரவும் என்பதையும் மனதில் வையுங்கள். வாரக்கணக்கில் வளரும் ஒல்லிக் கிளைகளுக்கு அது போதும், ஒரே நாளில் தட்டை நிரப்பும் காலனிக்குப் போதாது.

முதல் ஓட்டத்துக்கு வெட்டு வைத்த உங்கள் பழைய சமன்பாடே போதும். கிளை வந்ததும் பின்னப் பரிமாணத்தை அளக்க உட்காராதீர்கள். அதற்கு முன்னால் மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளில் விதைத்து ஓட்டுங்கள். ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்தில் கிளைகள் குட்டையாக நின்றுவிட வேண்டும். இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டால், ஊட்டத்தின் ஆரம்ப அளவைப் பாதியாக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.